கால் மணி நேரத் தாமதத்தில் மருமகள்

அன்று மாலை எங்கள் வீட்டில் மூச்சு விட மட்டும்தான் அனுமதி. அதுவும் மூக்கு வழியாக, சத்தமில்லாமல். உத்தரவு போட்டவள் என் வீட்டுக்காரி. மகப்பேறு வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் ஒரு அதட்டல் போட்டால் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைகூடத் தலையைச் சரியான பக்கம் திருப்பிக்கொள்ளும் என்று ஊரே சொல்லும். சொல்லாதவர்களும் உண்டு, அவர்கள் வேறு ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.

காரணம் எங்கள் மருமகள். நாடுகளுக்கு இடையிலான செஸ் போட்டி, கடல் தாண்டி எங்கோ ஒரு பெரிய கூடத்தில். ஒரு அணிக்கு நான்கு பேர், நான்கு பலகை. இவள் நான்காவது பலகை. அன்று கடைசிச் சுற்று. மற்ற மூன்று பலகையும் முடிந்து, ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி, ஒன்று டிரா என்று தராசு நடுவில் வந்து நின்றுவிட்டது. இவள் ஜெயித்தால் அணிக்கு மூன்றாம் இடம். இல்லாவிட்டால் கையைத் தட்டிவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

அணியின் கவலை அது. என் வீட்டுக்காரிக்கு வேறு கவலை. முந்தின நாள் மருமகள் போனில் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்: "ஏற்கெனவே ரெண்டு ஆட்டம் தோத்துட்டேன் அத்தை. நாளைக்கும் தோத்தேன்னா சத்தியமா இனி பலகையைத் தொடமாட்டேன். பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுத்துட்டு நிம்மதியா இருந்துடறேன்."

அந்தப் பெண் சொன்னால் செய்துவிடுவாள். என் மகனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டவள் ஆயிற்றே! அவன் அவளிடம் ஒரு போட்டியில் தோற்று, மறுபடி தோற்று, இனிமேல் வீட்டிலேயே வைத்துத் தோற்றுக்கொள்ளலாம் என்று கல்யாணம் செய்துகொண்டவன்.

அதனால் என் வீட்டுக்காரிக்கு மூன்றாம் இடம் முக்கியமில்லை. மருமகள் தோற்கக் கூடாது. டிரா ஆனாலும் போதும்.

அதற்கு நாங்கள் செய்த ஏற்பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் சுற்றில் மருமகள் அபாரமாக ஜெயித்தாள். எதிராளியின் யானையை அவள் பிடித்த கணத்தில் எங்கள் வீட்டில் நிலவரம் இதுதான்: நான் குளியலறை வாசலில் தோளில் துண்டோடு, கையில் சோப்போடு நின்றுகொண்டிருந்தேன். என் மகன் சார்ஜரைத் தேடி மேசைக்கு அடியில் நான்கு காலில் இருந்தான். குழாய் சரி செய்ய வந்த குழாய்க்காரர், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவள் தோற்ற இரண்டு நாளும் குழாய்க்காரர் வரவில்லை. இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டுமா என்ன?

கடைசிச் சுற்று அன்று குழாய் மறுபடி ஒழுகியது. குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அம்மா, வாஷர் புதுசாத்தான் இருக்கு. யாரோ மரையைத் திருகி விட்டிருக்காங்க."

"பழைய வீடு தம்பி. அதுவா கழண்டுக்கும்," என்றாள் என் வீட்டுக்காரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. ஸ்பானரைக் கையில பிடிங்க. இந்தக் கை இல்ல, அந்தக் கை."

இப்படியாக நான் சோப்போடு வாசலில், மகன் மேசைக்கடியில், அவர் வாளியில். அவள் மட்டும் நாற்காலியில்.

டிவியின் ஒரு பக்கம் செஸ் பலகைப் படம். மறுபக்கம் மருமகளின் முகம். ஓரத்தில் ஒரு கம்பம். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வெள்ளையையும் கறுப்பையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு என் வீட்டுக்காரி வைத்த பெயர் தெர்மாமீட்டர்.

"டேய், காய்ச்சல் ஏறுதா இறங்குதா?"

"சமமா இருக்கும்மா," என்றான் மேசைக்கடியில் இருந்து. "அம்மா, முட்டி வலிக்குது."

"உன்னைப் பெத்தப்ப எனக்கு எது எது வலிச்சுதுன்னு நான் சொல்லிக்காட்டினேனா?"

"தினமும் சொல்றீங்க."

நான் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். இந்தக் குரல் கேட்டுத்தான் ஓடாத வண்டியெல்லாம் ஓடியது. சும்மா நிற்க முடியுமா? "பயணிகள் கவனத்திற்கு," என்று ஆரம்பித்தேன். "கறுப்பு யானை, கடைசி நடைமேடையிலிருந்து புறப்பட்டு, நம் ராஜாவுக்கு செக் வைத்துக்கொண்டு…"

"வாயை மூடறீங்களா? அன்னிக்கு நீங்க வாயைத் திறக்கல."

உண்மைதான். அன்றைக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதை இவள் ஞாபகம் வைத்திருந்தால் பிரஷ்ஷையும் வாயில் திணித்திருப்பாள்; வாயை மூடிக்கொண்டேன்.

பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள், ராஜாக்கள். எதிராளி யானையால் செக் வைப்பாள். நம் ராஜா பக்கத்துக் கட்டத்துக்குப் போவார். அங்கேயும் செக். பழைய கட்டத்துக்கே திரும்பி வருவார். மறுபடி செக்.

"என்னடா இது, ஊஞ்சல் ஆடுதுங்க?"

"இதே நிலை மூணாவது தடவை வந்தா டிரா கேட்டு வாங்கிடலாம்மா. ரெண்டு தடவை வந்தாச்சு."

என் வீட்டுக்காரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! மின்வெட்டு நேரத்தில் அந்த முகத்தை வைத்துத் தெரு முழுக்கப் படித்திருக்கலாம். "இன்னும் ஒரு தடவைதானே? ஆடுடி என் கண்ணு, ஆடு. ராஜாவைப் பழைய இடத்துல வை. அவ்வளவுதான், வை."

டிவியில் மருமகள் இரண்டு கைகளாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு பலகையையே பார்த்தாள். எனக்கோ சோப்பு வழுக்குகிறது. காதுக்குப் பின்னால் அரிக்கிறது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை, ஒரு எறும்புப் புற்றே அங்கே குடிபெயர்ந்த மாதிரி. குழாய்க்காரர் தொடையை ஆட்ட, வாளி கடகடவென்று தாளம் போட்டது. மேசைக்கடியில் இருந்தவன் நகத்தை முடித்துவிட்டு விரலை ஆரம்பித்திருந்தான்.

மருமகள் கையை நீட்டினாள். ராஜாவை எடுத்தாள். பழைய கட்டத்தில் வைக்கவில்லை. சிப்பாய்களின் மறைவை விட்டு, வெட்டவெளியில், நட்டநடுப் பலகையை நோக்கி ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

"அய்யோ!" என்று மகன் எழுந்ததில் மேசை ஒரு சாண் உயர்ந்து இறங்கியது.

"எதுக்குடா அய்யோ?"

"டிராவை வேணாம்னுட்டாம்மா. ஜெயிக்கப் பாக்கறா. ராஜாவை வெளிய விட்டுட்டா!"

"டிரா ஆனா அணிக்கு ஒண்ணும் கிடைக்காதுல்ல சார்?" என்றார் குழாய்க்காரர்.

"அணி கிடக்கட்டும் தம்பி!" என்று என் வீட்டுக்காரி எழுந்தே விட்டாள். "இவ தோத்துட்டு வந்து மூலைல உக்காந்தா யார் பாக்கறது? இந்தப் பொண்ணு விளையாடாம ஒரு வாரம் இருந்து நீங்க பாத்ததில்ல. பாத்திரத்தை எல்லாம் கறுப்பு வெள்ளையா அடுக்குவா!"

யாரோ நகர்ந்திருக்கிறார்கள், அதனால்தான் இப்படி என்பது அவளுடைய தீர்ப்பு. விசாரணை தொடங்கியது. நான் காதைச் சொறிந்தேனா? குழாய்க்காரர் ஸ்பானரைக் கை மாற்றினாரா? அடி வாங்கிய தலையைத் தடவிக்கொண்டிருந்த மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நாம நகர்ந்தா என்ன, நகராட்டி என்ன? இது இப்ப நடக்கறதே இல்ல. வெளியிலேருந்து யாரும் பாத்து உள்ளே சொல்லிக்கொடுத்துடக் கூடாதுன்னு கால் மணி நேரம் தள்ளித்தான் காட்டறாங்க. நாம பாக்கறதெல்லாம் முடிஞ்சுபோன கதை."

வாளியின் தாளம் நின்றுவிட்டது.

முப்பது வருஷமாகத் தாமதத்தை அறிவித்தே சோறு சாப்பிட்டவன் நான். என் வீட்டுக் கூடத்திலேயே கால் மணி நேரத் தாமதம் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்! வருந்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். அவள் மனம் தளர்ந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது.

"அப்படின்னா," என்றாள் மெதுவாக, "அன்னிக்கு அவ யானையைப் பிடிச்சது நாம பாத்தப்ப இல்ல. அதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி."

"ஆமா."

"தம்பி, அன்னிக்கு எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

குழாய்க்காரர் விழித்தார். "முக்குக் கடையில டீ குடிச்சிட்டு இருந்தேம்மா."

"போய்க் குடிங்க."

"இப்பவா?"

"ஓடுங்க! டேய், நீ?"

"பெட்ரோல் தீந்துபோய் வண்டியைத் தள்ளிட்டு வந்துட்டிருந்தேன். அம்மா, இப்ப டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு…"

"நிறைய இருந்தா தள்ளக் கூடாதுன்னு சட்டமா? முக்குலேருந்து தள்ளிட்டு வா."

என் பக்கம் திரும்பினாள். எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த நேரத்தில் நான் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த இனிமையான தண்டனை அதுதான். போய்ப் படுத்தேன்.

"நீ என்ன பண்ணிட்டிருந்தே அப்ப?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டேன்.

"உங்களைத் திட்டிட்டிருந்தேன்."

"அதைத்தான் நீ எப்பவுமே நிறுத்தினதில்லையே."

"வாயைப் பிளந்துட்டுத் தூங்குங்க!"

தூங்கிப் பாருங்கள், யாராவது! வெளியே மகன் வண்டியை உருட்டும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர், "என்னப்பா, ரிப்பேரா?" என்கிறார். "இல்ல சார், செஸ்," என்கிறான் இவன். இங்கே இவள் நடக்கிறாள். டிவிக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் டிவிக்கும். அவள் நடந்த நடைக்கு நேர்க்கோட்டில் போயிருந்தால் மருமகள் ஆடும் கூடத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரு கண்ணை நூல் அளவு திறந்து பார்த்தேன். நம் ராஜா நடுப் பலகைக்கு வந்துவிட்டார். தெர்மாமீட்டர் வெள்ளைப் பக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை நாம்தான்.

"ஏறுது," என்றேன்.

"தூக்கத்துல பேசாதீங்க." ஆனால் அவளும் பார்த்துவிட்டாள். நடை நின்றது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

மேசை மேல் கிடந்த அவளுடைய போன். திரையில் மருமகளின் படம், போன கோடையில் எடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற படம். டிவியிலும் அவளேதான், கண்ணை மூடாமல், சிரிக்காமல், ஒரு சிப்பாயை முறைத்துக்கொண்டு.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "எடு!"

"மாட்டேன்."

"ஆட்டம் முடிஞ்சிருக்கும். அதான் கூப்பிடறா."

"எங்க முடிஞ்சுது? இதோ ஆடிட்டிருக்காளே!" அவள் டிவியைக் காட்டினாள். "உள்ளே போன் அடிச்சா ஆட்டமே போச்சுன்னு அவதானே சொன்னா? நான் எடுத்துப் பேசி, அது அங்க கேட்டு, அவளை வெளிய தள்ளிட்டா?"

தாமதம், தாமதம் என்று சொல்லி வீட்டையே காலி செய்தவள், அந்தத் தாமதத்தை அந்த நிமிஷம் அடியோடு மறந்துவிட்டாள். ஆயிரம் பிரசவம் பார்த்த கை, போனைத் தொட மறுத்து முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மறந்தாளோ, மறந்த மாதிரி இருந்தாளோ, எனக்கு இன்றுவரை சந்தேகம். எடுக்காதவரைக்கும் மருமகள் தோற்கவில்லை, அவ்வளவுதானே?

போன் நின்றது. நான் மூச்சு விட்டேன். மறுபடி அடித்தது.

"அவ அங்க தனியா நின்னுட்டு அடிக்கறா," என்றேன். இதை மட்டும் நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எடுத்தாள். ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அத்தை? அத்தை, இருக்கீங்களா? தோத்துட்டேன் அத்தை."

என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் டிவியைப் பார்த்தேன். அங்கே இன்னும் நாம்தான் மேலே இருந்தோம். என்ன அநியாயம்! தெர்மாமீட்டர் வெள்ளைவெளேர் என்று நிற்கிறது, போனில் தோல்வி வந்துவிட்டது.

"சரிடா கண்ணு," என்றாள் அவள், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் குரலில். "பரவால்ல. நீ எதையும் நினைச்சு…"

"அத்தை, இருங்க. ராஜாவை வெளிய விட்டேன் இல்ல? அது தப்பே இல்ல அத்தை! எங்க அணி கேப்டனும் அதையேதான் சொல்றார். அதுக்கப்புறம் ஓரத்துச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளித் தொலைச்சேன். அதான் தப்பு. ஒரே ஒரு கட்டம் தள்ளியிருக்கணும். ஒரு கட்டம் தள்ளியிருந்தா அவ யானைக்குப் போக வழியே கிடையாது!"

"எந்தச் சிப்பாய்?"

"உங்களுக்கு வலது கைப் பக்கம், ஓரத்துல. இன்னும் நகராம நிக்கும் பாருங்க."

நின்றது. அப்பாவி மாதிரி, பிறந்த இடத்திலேயே நின்றது. டிவியில் மருமகளின் கை மேலே எழுந்து, அந்தச் சிப்பாயின் தலைக்கு மேல் வந்து, அப்படியே தொங்கியது.

"அடியே, நீ இன்னும் தள்ளல!" என்று என் வீட்டுக்காரி நாற்காலியை விட்டுத் துள்ளினாள். "இப்பத்தான் கையை வெச்சிருக்கே!"

"அய்யோ, அந்த இடமா?" போனில் குரல் கிறீச்சிட்டது. "ஒரு கட்டம்! ஒரு கட்டம்!"

"ஒரு கட்டம்டி! ஒண்ணே ஒண்ணு!"

"ஒன்று!" என்று நானும் எழுந்து நின்று, நிலையமே அதிரும் என் பழைய குரலில் கத்தினேன். நம்பினால் நம்புங்கள், நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்தியதில் டிவிக்குள் இருந்த கை ஒரு கணம் தயங்கியது. சிப்பாயைப் பிடித்தது. தூக்கியது. இரண்டு கட்டம் தள்ளி வைத்தது.

"ச்சே!" என்றாள் மருமகள் போனில்.

"ச்சே!" என்றாள் அத்தை.

தெர்மாமீட்டர் தொபுக்கென்று கறுப்பாக இறங்கியது. மகன் வண்டியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உள்ளே ஓடி வந்தான். பின்னாலேயே குழாய்க்காரர். "மூணு டீ ஆச்சும்மா, இனி முடியாது," என்றார். "என்ன ஆச்சு?"

"ஒரு கட்டம் தள்ளியிருக்கணும் தம்பி," என்றாள் என் வீட்டுக்காரி, ஏதோ பிறந்ததிலிருந்தே செஸ் ஆடுகிறவள் மாதிரி. யானை எப்படி நடக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மகனும் குழாய்க்காரரும் வாளியில் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள். அங்கேயும் ஒரு டிவியில் இதே ஒளிபரப்புதானாம்; நாங்கள் மீதி ஆட்டத்தை மருமகளின் வர்ணனையோடு பார்த்தோம். தன் தோல்விக்குத் தானே அறிவிப்பாளர்! என் வேலைக்கே உலை. "இப்ப அவ யானை உள்ளே வரும் பாருங்க… வந்துச்சா? என் முகத்தைப் பாருங்க அத்தை, திருட்டு முழி முழிக்கறேன்! கேப்டன், நீங்களும் பாருங்க, பின்னாடி நின்னு கொட்டாவி விடறீங்க!" யாரோ ஒரு ஆண் குரல் அங்கே சிரித்தது. மகன் குறுக்கே புகுந்து, "குதிரை இருந்திருந்தா…" என்றான். "குதிரையை நீ தோக்கறப்ப வெச்சுக்கோ," என்று போனிலிருந்து பதில் வந்தது.

கடைசியில் டிவியில் மருமகள் கையை நீட்டினாள். எதிராளி குலுக்கினாள், எழுந்து போனாள். மருமகள் எழுந்திருக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அப்படியே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்து அவளைச் சுற்றி நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அழுதியாம்மா அங்க?"

"எங்க?"

"இதோ, தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கியே."

"ஓ, அதுவா! இல்ல அத்தை. ஒரு கட்டம் தள்ளியிருந்தா அவ அடுத்து என்ன ஆடுவான்னு பாத்துட்டிருந்தேன். மூணு வழி இருக்கு. ரெண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணாவதுதான் இன்னும் பிடிபடல. வந்த உடனே உக்காந்து பாக்கணும்."

"அப்ப, நேத்து சொன்னியே…"

"என்ன சொன்னேன்?"

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் மகனைப் பார்த்தேன். மகன் குழாய்க்காரரைப் பார்த்தான். அவர் ஒன்றும் புரியாமல் ஸ்பானரைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள். "போய் எதையாவது சாப்பிடு. வயித்தைக் காயப்போடாதே. அந்த மூணாவது வழி எங்கயும் ஓடிடாது."